தாத்தா முரண்பாடு

தாத்தா முரண்பாடு என்பது, கடந்த காலத்துக்குச் செல்லும் காலப் பயணம் இயலுமானால் எழக்கூடிய ஓர் ஏரணச் சிக்கல் ஆகும். ஒருவர் காலப்பொறி ஒன்றின் உதவியுடன் கடந்த காலத்துக்குச் சென்று, தம் பெற்றோர் பிறப்பதற்கு முன்னரே தம் தாத்தாவைக் கொன்றுவிடுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் அவர் பிறந்திருக்க முடியாது. பிறக்காத ஒருவர் கடந்த காலத்துக்குச் சென்று எவரையும் கொன்றிருக்கவும் முடியாது. கொலை நிகழவில்லை எனில் தாத்தா உயிருடன் இருப்பார், பேரனும் பிறந்திருப்பார். இவ்வாறு எந்த முடிவை எடுத்தாலும் அது தன்னைத் தானே மறுக்கிறது.

இம்முரண்பாடு அறிபுனைக் கதைகளில் தோன்றி, பின்னர் மெய்யியலாளராலும் இயற்பியலாளராலும் ஆராயப்பட்டது. "தாத்தா" என்பது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. அவருக்குப் பதிலாகத் தாய், தந்தை, சிறு வயதுத் தாமே, அல்லது காலப்பொறியைக் கண்டுபிடித்தவர் என எவரைக் கொண்டாலும் முரண்பாடு அதே வடிவில் எழும். கொலையும் இன்றியமையாதது அன்று. தாத்தாவும் பாட்டியும் சந்திக்க இருந்த நாளில் ஒருவரது தொடர்வண்டியைத் தவறவிடச் செய்தாலே போதுமானது.

முரண்பாட்டின் வடிவம்

முரண்பாட்டைப் பின்வரும் படிகளாகச் சுருக்கலாம்.

1. பயணி பிறந்திருந்தால், அவர் கடந்த காலத்துக்குச் சென்று தாத்தாவைக் கொல்கிறார்.
2. தாத்தா கொல்லப்பட்டால், பயணி பிறப்பதில்லை.
3. பயணி பிறக்கவில்லை எனில், தாத்தா கொல்லப்படுவதில்லை.
4. தாத்தா கொல்லப்படவில்லை எனில், பயணி பிறக்கிறார்.

புனைகதைகளில் வரும் பிற இயலாச் செயல்களிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. பறக்கும் கம்பளம் இயற்பியல் விதிகளுக்கு மாறானது. எனினும், கம்பளம் பறக்கும் ஓர் உலகை முரணின்றி விவரிக்க முடியும். தாத்தா கொல்லப்பட்டும் கொல்லப்படாமலும் இருக்கும் உலகை அவ்வாறு விவரிக்க இயலாது. முன்னது இயற்கை விதியை மீறுகிறது. பின்னது ஏரணத்தையே மீறுகிறது. இதனால், எத்தகைய மாயத்தையும் ஏற்றுக்கொள்ளும் கதையாசிரியர்கூட இம்முரண்பாட்டுக்கு ஏதேனும் ஒரு விடையைத் தேட வேண்டியவராகிறார்.

"பயணி பிறப்பார், பின் பிறக்க மாட்டார், மீண்டும் பிறப்பார் என நிகழ்வுகள் மாறி மாறி நடக்கும்" என்னும் விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது. இது சரியானதன்று. இலக்கமுறை மின்சுற்றுகளில் பயன்படும் 'நாட்' வாயில் ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். இது 0 உள்ளிடப்பட்டால் 1 ஐயும், 1 உள்ளிடப்பட்டால் 0 ஐயும் வெளியிடும். இதன் வெளியீட்டை இதன் உள்ளீட்டுடனேயே இணைத்தால், நடைமுறையில் மதிப்பு 0, 1, 0, 1 என அலையக்கூடும். வாயில் செயற்படுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஒவ்வொரு மதிப்பும் வெவ்வேறு கணத்துக்கு உரியது. ஆனால் தாத்தா கொல்லப்பட்டதாகக் கூறப்படும் நாள் ஒரே ஒரு நாள். அது ஒரு முறை மட்டுமே வருவது. அந்நாளில் 0, 1 ஆகிய இரண்டில் எதை எழுதினாலும் பொருந்தாது என்பதே முரண்பாடு. நிகழ்வுகள் மாறி மாறி நடப்பதாகக் கூறுபவர், தாம் அறியாமலேயே அந்த நாளுக்கு வெளியே இன்னொரு காலம் ஓடுவதாகக் கொள்கிறார்.

வரலாறு

கடந்த காலத்துக்குச் செல்லும் கதைகள் 19 ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டன. அமெரிக்கரான எட்வர்ட் பேஜ் மிட்செல் 1881 இல் எழுதிய கதையில், பின்னோக்கி ஓடும் கடிகாரம் ஒன்று பயணத்துக்குக் காரணமாகிறது. எசுப்பானிய எழுத்தாளர் என்ரிக்கே காஸ்பர் 1887 இல் வெளியிட்ட புதினத்தில் காலத்தில் செல்லும் பொறி ஒன்று இடம்பெறுகிறது. எச். ஜி. வெல்ஸ் 1895 இல் எழுதிய "த டைம் மெஷின்" புதினமே காலப்பொறி என்னும் கருத்தைப் பரவலாக்கியது. வெல்சின் பயணி 802701 ஆம் ஆண்டு வரையும் அதற்கு அப்பாலும் எதிர்காலத்துக்குச் செல்கிறாரேயன்றி, தாம் பிறப்பதற்கு முந்திய காலத்தில் தலையிடுவதில்லை. இதனால் அக்கதையில் இச்சிக்கல் எழவில்லை.

1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், அமெரிக்க அறிபுனை இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகளில் முன்னோரைக் கொல்லும் பயணி பற்றிய கேள்வி விவாதிக்கப்பட்டது. நத்தானியேல் ஷாக்னர் எழுதிய "ஆன்செஸ்ட்ரல் வாய்சஸ்" என்னும் சிறுகதை "அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்" இதழில் 1933 இல் வெளியானது. இக்கதையின் பயணி, கி.பி. 452 இல் அக்குவிலேயா நகரம் சூறையாடப்பட்டபோது ஊணர் இனப் படைவீரன் ஒருவனைக் கொல்கிறார். உடனே அவ்வீரனின் வழித்தோன்றல்களான பல்லாயிரம் பேர் நிகழ்காலத்தில் மறைந்துபோகின்றனர். பயணியும் அவர்களுள் ஒருவர். வெவ்வேறு நாட்டினரும் இனத்தவரும் ஒரே முன்னோனுக்குப் பிறந்தவர்களாகக் காட்டப்படுவதால், செருமனியில் இட்லர் ஆட்சிக்கு வந்த அவ்வாண்டில் இக்கதை இனத்தூய்மைக் கொள்கைக்கு எதிரான அங்கதமாகவும் அமைந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ஜாவெல் எழுதிய "லெ வோயாஜர் ஆம்ப்ருடான்" (முன்யோசனையற்ற பயணி) 1943 இல் தொடராகவும் 1944 இல் நூலாகவும் வெளிவந்தது. இதன் நாயகன் இளம் நெப்போலியனைக் கொல்வதற்காகக் கடந்த காலத்துக்குச் செல்கிறான். ஆனால் தவறுதலாகத் தன் முன்னோர் ஒருவரைக் கொன்றுவிடுகிறான். 1958 இல் வந்த பதிப்பில் பர்ஜாவெல் சேர்த்த பின்னுரை, இந்நாயகன் ஒரே நேரத்தில் இருக்கவும் இல்லாதிருக்கவும் வேண்டிய நிலையை வெளிப்படையாக எடுத்துரைத்தது. தாத்தா முரண்பாட்டின் செவ்வியல் வடிவங்களுள் ஒன்றாக இப்புதினம் கருதப்படுகிறது.

தொடர்புடைய முரண்பாடுகள்

காரணச் சுழல்

தாத்தா முரண்பாட்டில் ஒரு நிகழ்வு தன்னைத் தானே தடுக்கிறது. இதற்கு நேர்மாறாக, காரணச் சுழலில் ஒரு நிகழ்வு தனக்குத் தானே காரணமாகிறது. ராபர்ட் ஹைன்லைன் 1941 இல் எழுதிய "பை ஹிஸ் பூட்ஸ்ட்ராப்ஸ்" கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். இக்கதையின் நாயகன் தனக்குக் கிடைத்த சொற்பட்டியல் குறிப்பேடு கிழிந்துபோனதால், அதைப் புதிய குறிப்பேடு ஒன்றில் படியெடுக்கிறான். அப்புதிய ஏடே முன்னர் அவனுக்குக் கிடைத்த ஏடு எனப் பின்னர் தெரியவருகிறது. அவ்வாறாயின் அச்சொற்களை முதன்முதலில் தொகுத்தவர் எவரும் இல்லை. ஹைன்லைனின் "ஆல் யூ சோம்பீஸ்" (1959) கதையில் ஒருவரே தமக்குத் தாயாகவும் தந்தையாகவும் அமைகிறார். இது 2014 இல் "பிரீடெஸ்டினேஷன்" என்ற பெயரில் திரைப்படமானது.

காரணச் சுழலில் ஏரண முரண் ஏதும் இல்லை. ஆயினும் பொருட்கள் சுழலில் சிக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. "சம்வேர் இன் டைம்" (1980) திரைப்படத்தில் முதிய பெண்மணி ஒருவர் நாயகனுக்கு ஒரு பைக்கடிகாரத்தைக் கொடுக்கிறார். அவன் 1912 ஆம் ஆண்டுக்குச் சென்று, இளம் வயதிலுள்ள அதே பெண்ணிடம் அதனை விட்டுவருகிறான். இக்கடிகாரம் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படவில்லை. மேலும், ஒவ்வொரு சுற்றிலும் அது பல பத்தாண்டுகள் தேய வேண்டும். ஆனால் சுழல் பொருந்துவதற்கு அது தேயாமல் இருக்க வேண்டும்.

சிறு மாற்றத்தின் பெருவிளைவு

ரே பிராட்பரியின் "எ சவுண்ட் ஆஃப் தண்டர்" (1952) கதையில், தொல்பழங்காலத்துக்கு வேட்டைக்குச் செல்லும் ஒருவர் வண்ணத்துப்பூச்சி ஒன்றை மிதித்துவிடுகிறார். திரும்பி வந்தபோது எழுத்துக்கூட்டல் முதல் தேர்தல் முடிவு வரை மாறியிருக்கிறது. இங்கு பயணியின் பிறப்பு தடைபடவில்லை. எனினும் அவ்வளவு சிறிய செயலே உலகை மாற்றும் எனில், கடந்த காலத்துக்குச் செல்லும் எவரும் தம் பிறப்பைத் தடுக்காமல் இருப்பது அரிது என்னும் கருத்தை இக்கதை உணர்த்துகிறது.

புனைகதைகளில் கையாளப்படும் முறைகள்

மாறாக் கடந்த காலம்

இம்முறையில் கடந்த காலத்தில் நிகழ்ந்ததை எவராலும் மாற்ற இயலாது. பயணியின் செயல்களும் ஏற்கெனவே வரலாற்றின் பகுதியே. கிறிஸ் மார்க்கரின் "லா ஜெத்தே" (1962) என்னும் பிரெஞ்சுக் குறும்படத்தில், நாயகன் சிறுவனாக இருந்தபோது வானூர்தி நிலையத்தில் ஒருவன் கொல்லப்படுவதைக் காண்கிறான். பின்னர் காலப் பயணம் செய்து அதே இடத்துக்கு வரும்போது, அன்று கொல்லப்பட்டவன் தானே என உணர்கிறான். "12 மங்கீஸ்" (1995) திரைப்படம் இதனைத் தழுவியது. "த டெர்மினேட்டர்" (1984) படத்தில், ஒருவன் பிறப்பதைத் தடுப்பதற்கு எடுக்கப்படும் முயற்சியே அவனுடைய தந்தையைக் கடந்த காலத்துக்குக் கொண்டுவருகிறது.

டெட் சியாங் எழுதிய "த மெர்ச்சன்ட் அண்ட் தி ஆல்கெமிஸ்ட்ஸ் கேட்" (2007) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பக்தாத் வணிகர் ஒருவர், தம் மனைவி இறந்த நாளுக்குச் செல்ல முயல்கிறார். அவரால் உரிய நேரத்தில் சென்றடைய முடியவில்லை, மனைவியும் பிழைக்கவில்லை. ஆனால் மனைவி இறக்கும் தறுவாயில் தம்மைப் பற்றிக் கூறிய சொற்களை அவர் முதன்முறையாகக் கேட்டறிகிறார். கடந்த காலத்தை மாற்ற முடியாவிடினும் அதனை மேலும் முழுமையாக அறியலாம் என்பது இக்கதையின் நிலைப்பாடு.

கிளைவிடும் காலம்

இம்முறையில் பயணி செய்யும் மாற்றம் புதிய காலக்கோடு ஒன்றைத் தோற்றுவிக்கிறது. அவர் கொல்வது வேறொரு கிளையில் உள்ள தாத்தாவை. அவர் பிறந்த கிளையில் தாத்தா நலமாகவே வாழ்ந்து முடித்தார். எனவே முரண்பாடு எழாது. "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்" (2019) திரைப்படத்தில் கதைமாந்தர் இவ்விளக்கத்தை வெளிப்படையாகவே கூறுகின்றனர். இத்தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. பயணி எவரையேனும் காப்பாற்றச் சென்றால், காப்பாற்றப்படுபவர் வேறொரு கிளைக்கு உரியவரே. தம் கிளையில் நிகழ்ந்த இழப்பு அப்படியே இருக்கும்.

மாறும் காலம்

ஒரே காலக்கோடு திருத்தி எழுதப்படுவதாகக் கொள்ளும் முறை இது. ராபர்ட் செமக்கிஸ் இயக்கிய "பேக் டு த ஃபியூச்சர்" (1985) படத்தின் நாயகன் 1955 ஆம் ஆண்டுக்குச் சென்று, தன் பெற்றோரின் முதற் சந்திப்பைத் தடுத்துவிடுகிறான். அவன் கையிலுள்ள ஒளிப்படத்தில் உடன்பிறந்தார் ஒவ்வொருவராக மறைகின்றனர்; இறுதியில் அவன் கையும் மறையத் தொடங்குகிறது. மாற்றம் ஏன் சிறிது சிறிதாக நிகழ வேண்டும் என்பதும், மாறிய உலகில் நாயகனுக்கு மட்டும் பழைய உலகம் ஏன் நினைவிருக்கிறது என்பதும் இம்முறையில் விடையற்ற கேள்விகள் ஆகும். திரையில் பதற்றத்தை உருவாக்க ஏற்றது என்பதால் திரைப்படங்களில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

உடையும் மெய்ம்மை

முரண்பாடு நிகழ்ந்தால் உலகமே அதைத் தாங்காது என்பது இம்முறையின் கருத்து. பிரெட்ரிக் பிரவுனின் "எக்ஸ்பெரிமென்ட்" (1954) மிகச் சிறிய கதை. பேராசிரியர் ஒருவர் பித்தளைக் கனசதுரம் ஒன்றை ஐந்து நிமிடம் கடந்த காலத்துக்கு அனுப்பத் திட்டமிடுகிறார். அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னரே கனசதுரம் பொறியின் மீது தோன்றிவிடுகிறது. "இப்போது அதனை அனுப்பாமல் விட்டால் என்னவாகும்?" என உடனிருப்பவர் கேட்க, பேராசிரியர் அனுப்பாமல் விடுகிறார். கனசதுரத்துக்கு ஒன்றும் நேரவில்லை. அதனைத் தவிர்த்த பேரண்டம் முழுவதும் மறைந்துவிடுகிறது.

"டாக்டர் ஹூ" தொலைக்காட்சித் தொடரின் "ஃபாதர்ஸ் டே" (2005) பகுதியில், ரோஸ் என்னும் இளம்பெண் தான் குழந்தையாக இருந்தபோது சாலை விபத்தில் இறந்த தன் தந்தையைக் காப்பாற்றுகிறாள். காலத்தில் ஏற்பட்ட அக்காயத்தின் வழியே கொடிய உயிரிகள் நுழைந்து மக்களை விழுங்குகின்றன. நிலைமையை உணர்ந்த தந்தை தாமே அந்த வாகனத்தின் முன் சென்று விழுகிறார். முன்பு அவர் தனியாக இறந்தார். இம்முறை மகள் அவர் கையைப் பற்றியபடி அருகில் இருக்கிறாள்.

நிவென் விதி

அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1971 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வேறொரு முடிவை முன்வைத்தார். கடந்த காலத்தை மாற்றக்கூடிய ஒரு பேரண்டத்தில், வரலாறு மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். காலப்பொறி கண்டுபிடிக்கப்படாத ஒரு வரலாறு அமையும்போதுதான் மாற்றங்கள் நிற்கும். எனவே அத்தகைய பேரண்டத்தில் காலப்பொறி ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது என்பது அவரது வாதம்.

மெய்யியல் நோக்கு

அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. அவரது எடுத்துக்காட்டில் டிம் என்பவன் 1921 ஆம் ஆண்டுக்குச் சென்று தன் தாத்தாவைக் குறிபார்த்து நிற்கிறான். அவனிடம் நல்ல துப்பாக்கி உண்டு, பயிற்சி உண்டு, காற்றும் இல்லை. எனவே அவனால் கொல்ல முடியும். ஆனால் தாத்தா 1957 இல்தான் இறந்தார். எனவே அவனால் கொல்ல முடியாது.

"முடியும்" என்னும் சொல் இரு வேறு பொருளில் ஆளப்படுவதே இங்கு முரண் தோன்றக் காரணம் என்று லூயிஸ் காட்டினார். மனிதக் குரங்கால் பின்னிய மொழி பேச முடியாது, மனிதனால் முடியும். ஆனால் அம்மொழியைக் கற்காத மனிதனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் சென்றால் அவனால் முடியாது. எந்த உண்மைகளைக் கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. துப்பாக்கியையும் பயிற்சியையும் மட்டும் கொண்டால் டிம்மால் முடியும். தாத்தா இறந்த ஆண்டையும் சேர்த்துக் கொண்டால் முடியாது. அவன் தோல்வியடைவதற்குக் கண்ணுக்குத் தெரியாத காவல் ஏதும் வேண்டியதில்லை. கால் இடறுவது, மனம் மாறுவது, ஆள் மாறிச் சுடுவது போன்ற இயல்பான காரணம் ஒன்றே போதும்.

இதற்கு எதிராக, ஒருவர் நூறு முறை முயன்றால் நூறு முறையும் இடறி விழுவது நம்பத்தக்கதா என்னும் வினா எழுப்பப்படுகிறது. அவ்வளவு தற்செயல்கள் தேவைப்படுவதே இத்தகைய பயணம் நிகழ வாய்ப்பில்லை என்பதைக் காட்டுகிறது என்று சிலர் வாதிடுகின்றனர்.

இயற்பியல் நோக்கு

அல்பர்ட் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டின் சமன்பாடுகள் கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதைகளை முற்றாக விலக்கவில்லை. கூர்ட் கோடெல் 1949 இல், சுழலும் பேரண்டம் ஒன்றில் அத்தகைய மூடிய காலப் பாதைகள் அமையும் எனக் காட்டினார். ஒருவர் தம் இளமைக் காலத் தம்மையே சந்தித்து, தமக்கு நிகழாத ஒன்றைச் செய்யக்கூடிய விந்தை நிலையையும் அவர் குறிப்பிட்டார். நாம் வாழும் பேரண்டம் அவ்வாறு சுழல்வதாகச் சான்றுகள் இல்லை.

1980களில் இவ்வாய்வு மீண்டும் எழுவதற்குப் புனைகதை ஒன்றே தூண்டுகோலாக இருந்தது. கார்ல் சேகன் தம் "காண்டாக்ட்" (1985) புதினத்தில் விண்மீன்களுக்கிடையே விரைந்து செல்ல ஏற்ற வழியொன்றை இயற்பியலாளர் கிப் தோர்னிடம் கேட்டார். தோர்ன் கடந்து செல்லத்தக்க புழுத்துளையைப் பரிந்துரைத்தார். புழுத்துளை நிலைத்திருக்க எதிர்மறை ஆற்றல் தேவை என்பதும், அது காலப்பொறியாக மாறக்கூடும் என்பதும் 1988 இல் தோர்னும் அவர் மாணவர்களும் வெளியிட்ட ஆய்வுகளில் கூறப்பட்டன.

இதனைத் தொடர்ந்து ஜோசப் போல்சின்ஸ்கி, மனித விருப்பத்தை முற்றாக நீக்கிய ஒரு வடிவத்தை முன்வைத்தார். பில்லியர்ட் பந்து ஒன்று புழுத்துளையினுள் நுழைந்து, சற்று முந்திய நேரத்தில் வெளிவந்து, உள்ளே செல்லவிருக்கும் தன்னையே மோதித் திசைதிருப்பினால் என்னவாகும் என்பதே அது. 1991 இல் எச்செவெரியா, கிளிங்காமர், தோர்ன் ஆகியோர் இதற்கு முரணற்ற தீர்வுகள் உண்டு எனக் காட்டினர். வெளிவரும் பந்து பழைய பந்தை இலேசாக உரசுகிறது. அவ்வுரசலால் சற்றுத் திசைமாறி நுழையும் பந்து, வெளிவரும்போது இலேசாக உரசும் பாதையிலேயே வருகிறது. வியப்புக்குரியது யாதெனில், ஒரே தொடக்க நிலைக்கு இத்தகைய தீர்வுகள் ஒன்றல்ல, எண்ணற்றவை கிடைத்தன. தீர்வே இல்லை என்பது போய், எத்தீர்வு நிகழும் என்பதே புதிய சிக்கலாயிற்று.

பிற அணுகுமுறைகள் பின்வருமாறு.

- நோவிக்கோவ் தன்னிசைவுக் கொள்கை: உருசிய இயற்பியலாளர் இகோர் நோவிக்கோவ் முன்வைத்த இக்கொள்கையின்படி, தமக்குள் முரண்படாத நிகழ்வுகள் மட்டுமே நிகழும். இது மாறாக் கடந்த காலக் கதைகளை ஒத்தது.
- டொச் மாதிரி: டேவிட் டொச் 1991 இல் குவாண்டம் கணிமையின் அடிப்படையில் இதனை முன்வைத்தார. மேலே கூறிய 'நாட்' வாயிலில் 0, 1 இரண்டும் பொருந்தா. ஆனால் இரண்டுக்கும் பாதிப் பாதி நிகழ்தகவு எனக் கொண்டால், வாயிலைக் கடந்த பின்னும் அது பாதிப் பாதியாகவே இருக்கும். பயணி ஓர் உலகில் பிறந்து மற்றோர் உலகில் கொல்கிறார் என்பது டொச் தரும் விளக்கம். 2014 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளித்துகள்களைக் கொண்டு இம்மாதிரியைப் போலச்செய்து பார்த்தனர். எந்தத் துகளும் உண்மையில் கடந்த காலத்துக்குச் செல்லவில்லை.
- காலவரிசைக் காப்புக் கருதுகோள்: இயற்பியல் விதிகள் காலப்பொறி உருவாவதையே தடுக்கின்றன என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1992 இல் வெளியிட்ட கட்டுரையில் முன்மொழிந்தார். இது இன்றுவரை முழுமையாக நிறுவப்படவில்லை. ஹாக்கிங் 2009 சூன் 28 அன்று கேம்பிரிட்சில் காலப் பயணிகளுக்கென விருந்து ஒன்றை ஏற்பாடு செய்து, விருந்து முடிந்த பின்னரே அழைப்பிதழை வெளியிட்டார். எவரும் வரவில்லை.

இவற்றுள் முதல் இரண்டும், இயற்பியலாளர் எடுத்துக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கதையாசிரியர்கள் கையாண்ட தீர்வுகளை ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. காலப் பயணத்தை அனுமதிக்கும் எந்தக் கோட்பாடும் இம்முரண்பாட்டுக்கு விடை கூறியாக வேண்டும் என்பதால், இதழ்களின் வாசகர் கடிதங்களில் பேசப்பட்ட இப்புதிர் இன்று கோட்பாடுகளைச் சோதிக்கும் கருவிகளுள் ஒன்றாகப் பயன்படுகிறது.

தமிழ்த் திரைப்படங்களில்

ஆர். இரவிக்குமார் இயக்கிய "இன்று நேற்று நாளை" (2015) தமிழில் காலப்பொறியை மையமாகக் கொண்டு வந்த படங்களுள் குறிப்பிடத்தக்கது. கடந்த காலத்தில் கதைமாந்தர் அறியாது செய்த குறுக்கீட்டால், இறந்திருக்க வேண்டிய குற்றவாளி ஒருவன் நிகழ்காலத்தில் உயிருடன் திரிகிறான். இது மாறும் காலம் என்னும் முறையைச் சார்ந்தது. சூர்யா நடித்த "24" (2016) படத்தில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் கைக்கடிகாரம் இடம்பெறுகிறது. வெங்கட் பிரபு இயக்கிய "மாநாடு" (2021) ஒரே நாள் மீண்டும் மீண்டும் வரும் காலச்சுழலைக் கையாள்கிறது. இதில் பயணி தாம் பிறப்பதற்கு முந்திய காலத்துக்குச் செல்வதில்லை என்பதால் தாத்தா முரண்பாடு எழுவதில்லை.

இவற்றையும் பார்க்க

- காலப் பயணம்
- காரணச் சுழல்
- புழுத்துளை
- வண்ணத்துப்பூச்சி விளைவு
- பொய்யர் முரண்பாடு
- பொதுச் சார்புக் கோட்பாடு
- அறிபுனை